மச்சமில்லாத காகிதம்

எதிரி நாட்டு அதிகாரிக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தது நானல்ல. என் பிரிவில் தட்டச்சு செய்யும் அம்மாள். "பிடிக்குதோ பிடிக்கலையோ, பேசித்தானே ஆகணும். மரியாதை குறையாம குத்திக் காட்டணும், நாமளா முதல்ல இறங்கிப் போகவும் கூடாது. இதுக்குப் பேரு சம்பந்தி இல்லாம வேற என்ன மேடம்?" என்றாள். பிரிவு முழுவதும் சிரித்தது. எங்கள் பிரிவு சிரிப்பது ஆண்டுக்கு இரண்டு முறைதான் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

போர் தொடங்கி அது மூன்றாம் வருடம். தூதரகங்களைப் பூட்டியாயிற்று, ரயிலை நிறுத்தியாயிற்று, தபாலும் போவதில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் அறுபடாமல் மிஞ்சியது ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். இருவரும் உளவுத்துறை. கைதிகளை மாற்றிக்கொள்வது, எல்லையில் கிடக்கும் சடலங்களை ஒப்படைப்பது, இரண்டு அரசாங்கங்களுக்கும் தீராத தலைவலியான வெடிகுண்டுக் கூட்டம் ஒன்றைப் பற்றி எச்சரித்துக்கொள்வது, எல்லாம் எங்கள் தலையில். தலைவர்கள் மேடையில் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழித்துவிட்டு இறங்கியதும், "அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க" என்று எனக்கு ஆள் அனுப்புவார்கள். ஒருநாள் அசதியில் வாய் தவறி அவரையே சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டேன். மறுமுனையில் ஒருமுறை இருமினார். பிறகு, "சொல்லுங்க சம்பந்தியம்மா" என்றார்.

போருக்கு முன்பிருந்தே, ஆறு வருடமாகப் பேசுகிறோம். முகம் பார்த்ததில்லை. அவருக்கு இருமல் இருப்பது தெரியும். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது அவருக்குத் தெரியும். மூன்றாம் நாட்டுத் தூதரகத்தின் ஊழியர் ஒருவர் எங்கள் எச்சரிக்கைக் காகிதங்களை உறையில் போட்டு எடுத்துப் போவார், எடுத்து வருவார்.

அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வெளியாருக்குக் கொடுக்கும் எந்தக் காகிதத்திலும் ஒரே ஒரு விவரத்தைப் பொய்யாக எழுதுவோம். யாருக்கும் பாதகமில்லாத சின்னப் பொய். அதற்கு எங்கள் பிரிவில் மச்சம் என்று பெயர். பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுகிறார்களே, அதுபோல. அந்தப் பொய் என்றைக்காவது வெளியே தலைகாட்டினால் யார் கையிலிருந்து கசிந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒருமுறை ஒரு கடத்தல்காரனின் வலது கால் ஊனத்தை இடது காலுக்கு மாற்றி எழுதினேன். நாலு மாதம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில் அவன் இடது காலை நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவர்கள் அனுப்பும் காகிதத்திலும் மச்சம் உண்டு. இது இரு தரப்புக்கும் தெரியும், இரு தரப்பும் வாய் திறந்து சொன்னதில்லை. மை பூசிய தலைமுடி மாதிரிதான். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

இனி பெயிண்டர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை. எங்கள் ஊர்க்காரன், அவர்கள் ஊர் அடையாள அட்டையோடு இருந்தான். அந்த அட்டையை அச்சடித்தது நாங்கள்தான். அந்தப் பட்டறையில்தான் வெடிகுண்டுக் கூட்டம் வண்டிகளைக் கொண்டுவந்து பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, ஆள் தெரியாமல் மாற்றும். ஆறு வருடம் முன்னால் அவனைப் பேசிப் பேசி அனுப்பியது நான். அவனுடைய மனைவியும் மகளும் இந்தப் பக்கம் இருந்தார்கள். வெளிநாட்டில் பெரிய கார் கம்பெனியில் பெயிண்டராக இருக்கிறான் என்று அவர்களிடம் சொல்லியிருந்தோம். மாதம் ஒருமுறை கம்பெனி ஆபீஸிலிருந்து வருவதாகச் சொல்லி, அவன் கடிதத்தோடு போய் நிற்பேன். அவள் என்னை ஆபீஸ் அக்கா என்பாள். கடிதத்தில் ஊரைக் காட்டிக்கொடுக்கும் வரிகளை நான் முன்னாலேயே நீக்கியிருப்பேன். மிச்சத்தை அவள் நாலைந்து தரம் படிப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு டயர் கடையிலிருந்து, உதிரிபாகம் ஆர்டர் செய்கிறவன் மாதிரி அவன் எங்களைக் கூப்பிடுவான். அவன்தான் கூப்பிட முடியும். நாங்கள் அவனைக் கூப்பிட வழியே கிடையாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்தது நானேதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் குரலே சரியில்லை. உதிரிபாகங்களின் பெயரில் அவன் சொன்னதை நான் எழுதிக்கொண்டது இது: ஒரு பால் வண்டி, சின்ன லாரி, நீலத்திலிருந்து வெள்ளைக்கு மாற்றியிருக்கிறான். வியாழக்கிழமை காலை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அவர்களுடைய பெரிய ஊரின் பேருந்து நிலையத்துக்குள் போகும். உள்ளே பால் இருக்காது. நம்பர் பலகையைக் கடைசி நிமிடத்தில்தான் மாட்டுவார்கள், அது அவனுக்குத் தெரியாது.

பிறகு சங்கேதத்தை விட்டுவிட்டு நேராகவே பேசினான். பயம் வந்தால் மனிதனுக்கு அதெல்லாம் மறந்துபோகிறது.

"அக்கா, கலரை மட்டும் சொல்லிடாதீங்க. மெக்கானிக், டிரைவர், நான்... மூணு பேருக்குத்தான் தெரியும். அவங்க ரெண்டு பேரும் கூட்டத்து ஆளுங்க."

"நீ உடனே கிளம்பி வந்துடலாமே?"

"இப்ப காணாம போனா இன்னிக்கே தேடுவாங்க. வண்டியையும் மாத்திடுவாங்க. வியாழன் முடியட்டும். அடுத்த செவ்வாய் பேசறேன். கலர் வேணாம்க்கா."

"சரி," என்றேன். அந்தச் சரியை நான்தான் சொன்னேன், வேறு யாரும் என் வாயைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை.

மேலதிகாரியிடம் போனேன். அவருக்குக் கத்தரி என்று பெயர். நாங்கள் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தால் நாலு வரியாக வெட்டித் திருப்பித் தருவார். அந்தச் சனிக்கிழமைதான் போர்நிறுத்தப் பேச்சு தொடங்க இருந்தது. குண்டு வெடித்தால் பழி நம் மேல்தான் விழும், பேச்சு பாழாகும், இன்னும் மூன்று வருடம் இரண்டு பக்கமும் பிணம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே எச்சரிக்கை போக வேண்டும் என்பதில் அவருக்கும் எனக்கும் தகராறில்லை.

"நீலம்னு போடுங்கம்மா," என்றார். "மச்சமும் ஆச்சு, உங்க பெயிண்டரும் பிழைச்சான். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"நீலத்தைத் தேடிட்டு வெள்ளைய உள்ள விட்டுடுவாங்க சார்."

"அப்ப கலரே வேணாம். நேரத்துல மச்சம் வைங்க."

"காலையில அந்த ஊருக்குள்ள இருநூறு பால் வண்டி வருது. வெள்ளை மூணோ நாலோதான். கலர் இல்லாம இந்தக் காகிதம் எதுக்கு சார், பல் குத்தவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் மூன்று வருடமாகத் தூக்கம் இல்லை. "உங்க ஆளு. உங்க கணக்கு. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்," என்றார்.

இருக்கைக்கு வந்து மதியம் முழுவதும் அந்தக் காகிதத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் பேருந்து நிலையத்தில் காலை நேரத்துக் கூட்டம், மூவாயிரமோ நாலாயிரமோ. இன்னொரு பக்கம் அக்கா என்று கூப்பிடுகிற ஒருத்தன். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு நாள் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அடித்துக்கொள்ளவில்லை. முதுகு வலித்தது, டீ ஆறிப்போயிருந்தது, யாராவது வேறொருவர் இதை எழுதித் தொலைத்தால் தேவலை என்று தோன்றியது. கடைசியில் நானே எழுதினேன். பால் வண்டி, புதிதாக வெள்ளை அடித்தது, வியாழன், ஏழிலிருந்து எட்டு, பேருந்து நிலையம். மச்சம் வைக்கவில்லை. என் இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் வெளியே போன காகிதங்களில் முழுக்க உண்மையான முதல் காகிதம் அது. வெள்ளை வண்டியைப் பேசாமல் மடக்கிவிட்டால் விஷயம் வெளியே வராது, அடுத்த செவ்வாய்க்குள் அவனை எப்படியாவது இழுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டு பக்கமும் பதிவாகும் இணைப்பு. இதில் பொய் இல்லை என்று சொன்னால், இதுவரை போன இருபது காகிதத்திலும் இருந்தது என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகும்.

"சம்பந்தி, நேத்து வந்த காகிதத்தை வரி விடாம அப்படியே எடுத்துக்கங்க."

இருமலுக்கு நடுவில் சிரித்தார். "எப்பவும் அப்படித்தானே எடுத்துக்கறோம், சம்பந்தியம்மா."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஏழே முக்காலுக்குத் தொலைக்காட்சியில் புகை தெரிந்தது. ஆனால் பேருந்து நிலையத்தில் இல்லை. ஊருக்கு வெளியே, சோதனைச் சாவடியில் நின்ற வண்டி வரிசையில். பால் வண்டிகளை ஒன்று விடாமல் நிறுத்திப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மைல் நீளத்துக்கு வரிசை. வெள்ளை வண்டி பதினோராவதாக நின்றிருக்கிறது. ஓட்டுநர் சிறுநீர் கழிக்கப் போகிறவன் மாதிரி இறங்கி ஓடிவிட்டான். வண்டி நின்ற இடத்திலேயே வெடித்தது. ஏழு ஓட்டுநர்கள், நாலு போலீஸ்காரர்கள். ஏன் எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள்? வெள்ளை என்று எழுதியிருந்தேனே! மேசை மேலிருந்த காகித எடையை எடுத்துச் சுவரில் அடித்தேன். தட்டச்சு அம்மாள் பேசாமல் அதை எடுத்துவந்து திரும்ப மேசையில் வைத்தாள்.

மறுநாள் காலை வீட்டில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். நான் அரசாங்க மொழிபெயர்ப்புப் பிரிவில் இருப்பதாக நம்புகிறவர், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொள்கிற அளவுக்குப் பெருந்தன்மை உள்ளவர். அந்த நாட்டு உள்துறை மந்திரி, தாங்கள் சும்மா இருக்கவில்லை, முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தோம் என்று நிரூபிக்க, அந்த உத்தரவின் படத்தையே பத்திரிகைகளுக்குக் கொடுத்திருந்தார். எங்கள் ஊர்ப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் வந்திருந்தது.

"இதைப் பாரேன்," என்றார் கணவர். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண். "புதிதாக வெள்ளை அடித்தனு எழுதி, அப்புறம் கோடு போட்டு அடிச்சுட்டு, எந்த நிறமாயினும்னு மேல எழுதியிருக்கான். அடிச்சது நல்லா படிக்க வருது. இதுக்கு அடிக்காமலே விட்டிருக்கலாம்."

நான் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். படிக்க வரத்தான் செய்தது. எனக்கே படிக்க வந்தால் மெக்கானிக்குக்கு வராதா, ஓடிப்போன ஓட்டுநருக்கு வராதா? மூன்று பேரில் இரண்டு பேர் கூட்டத்தின் ஆட்கள். அவனைக் கூப்பிட எனக்கு வழி இல்லை. அந்த ஒரு நாள், என் வாழ்க்கையில் நான் செய்த எல்லாப் புத்திசாலித்தனமான ஏற்பாடுகளையும் வெறுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தேன். மதியம் கத்தரி தானே எழுந்து என் இருக்கைக்கு வந்தார். இருபது வருடத்தில் அவர் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. கால்வாய் ஓரம் கிடந்தானாம். அந்த நாட்டுப் போலீஸ் அறிக்கை விட்டிருந்தது: குண்டு வண்டிக்கு வண்ணம் பூசிய தீவிரவாதி, சக கூட்டாளிகளால் சுட்டுக் கொலை. படமும் போட்டிருந்தார்கள்.

கத்தரி என்னைத் திட்டவில்லை. "நம்ம ஆளுன்னு வாயத் திறந்துடாதீங்கம்மா," என்றார் மெதுவாக. "குண்டுக் கூட்டத்துல நம்ம ஆளு இருந்தான்னு சொன்னா, குண்டே நம்மதுன்னு ஆயிடும். சனிக்கிழமைய பத்து நாள் தள்ளித்தான் வெச்சிருக்காங்க. ரத்து பண்ணல. உங்க காகிதம் போனதாலதான் பண்ணல."

பேச்சு நடந்தது. மூன்றாம் நாட்டில் ஒரு ஹோட்டல். தலைவர்கள் கீழே பெரிய கூடத்தில், நாங்கள் மேலே ஒரு படுக்கையறையில். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சம்பந்தி நான் நினைத்ததைவிடக் குள்ளம். ஸ்வெட்டரின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தார். நல்லா இருக்கீங்களா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். பதில் சொல்லும் சிரமத்தை இருவருமே எடுத்துக்கொள்ளவில்லை. கைதிகள் பட்டியலை முடித்தோம். சடலங்கள் பட்டியலையும் முடித்தோம். பிறகு நான் கேட்டேன்.

"வெள்ளையை ஏன் அடிச்சீங்க?"

அவருக்கு உடனே புரிந்தது. "இருபது காகிதத்துல, ஒவ்வொண்ணுலயும் ஒரு பொய் இருந்துது. நான் குத்தம் சொல்லல, நாங்களும் அதான் செய்யறோம். இதுல எது பொய்னு எங்க ஆளுங்க மூணு மணி நேரம் உக்காந்து தேடினாங்க. கிழமையா, நேரமா, இடமா, கலரா? கிழமை தப்பா இருந்தா ஆளு சாவான், அதுல நீங்க கை வைக்க மாட்டீங்க. நேரமும் இடமும் அப்படித்தான். நீங்க பாதகமில்லாத இடத்துலதான் வைப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியும். அதனால கலர்னு முடிவு பண்ணோம். உங்க மேல இருந்த மரியாதையிலதான் பண்ணோம்."

"அதுல பொய்யே இல்ல."

அவருக்கு இருமல் வந்து, அடங்கி, மறுபடி வந்தது. "சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னேனே. வரி விடாம எடுத்துக்கங்கன்னு சொன்னேன்."

"ஆமா. சொன்னீங்க." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "பதினோரு பேர். அதுல ஒரு போலீஸ்காரன் என் மச்சினன் பையன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றாவது கிடைத்திருக்கும்.

"உங்க பக்கம் ஒரு உடம்பு இருக்கு," என்றேன். "கால்வாய் ஓரம் எடுத்தது. பட்டியல்ல சேர்க்க முடியுமா?"

"குண்டு வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சவனை நீங்க எதுக்கும்மா கேக்கறீங்க?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவசரமாகக் கையை உயர்த்தினார். "வேண்டாம். சொல்லிடாதீங்க. சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். எனக்குத் தெரிஞ்சா நான் எழுதணும். எழுதினா நாளைக்குக் கையெழுத்து ஆகாது."

நான் சொல்லவில்லை. அவர் எழுந்து ஜன்னலோரம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஊர்ப் பொது மயானத்துல புதைச்சுட்டாங்க. ஒழுங்காத்தான் புதைச்சாங்க, நான் விசாரிச்சேன்," என்றார். மறுநாள் கையெழுத்தானது. தலைவர்கள் கை குலுக்கும் படம் உலகம் முழுக்க வந்தது.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பெயிண்டரின் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது என்று உத்தரவு இருந்தது. அவன் மனைவி துணிக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் வேலை பார்க்கிறவள், அன்று வேலைக்குப் போயிருக்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரி, நான் எந்தக் கதவைத் தட்டப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒதுங்கி நின்றாள். அவன் படம் வந்த பேப்பர் தெரு முழுக்கச் சுற்றி வந்திருந்தது. கதவில் யாரோ கரியால் எழுதியிருந்ததைக் கழுவிய தடம் இருந்தது. கதவைத் திறந்தவள், மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது என்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"கடிதம் எதுவும் இல்லையாக்கா?"

"இல்லம்மா."

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறந்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கார் கம்பெனி என்று ஒன்று இல்லை. அவனை அனுப்பியது நான். கூட்டத்தின் வண்டியைக் காட்டிக்கொடுத்தது அவன். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் ஆயிரம் பேர் செத்திருப்பார்கள், இந்தச் சமாதானமும் வந்திருக்காது. கலரைச் சொல்ல வேண்டாம் என்றான், நான் சொல்லிவிட்டேன். அவன் குண்டு வைத்தவன் இல்லை. குண்டு வைத்தவர்களால் செத்தவன். என் வேலை போகட்டும், ஓய்வூதியம் போகட்டும், இது ஒன்றையாவது அவள் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது.

அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். மகள் உள்ளறையில் இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க நல்லவங்க. ஆறு வருஷமா மாசம் தவறாம வந்து, ஏசி ரூமு, நல்ல முதலாளி, உடம்பு நல்லா இருக்காருன்னு சொல்லிட்டுப் போவீங்க. நானும் நம்பினேன். பேப்பரைப் பார்த்த அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. இப்பவும் அதுக்குத்தான் வந்திருக்கீங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்கக்கா. போதும்."

"இது பொய் இல்லம்மா," என்றேன்.

"சரிக்கா," என்றாள் அவள், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.